பக்கத்து வீட்டு ரிமோட் நம் ஸ்டிக்கிடம் ஏன் செல்லாது?

வடசென்னையில் டிவி ரிமோட் ரொம்ப நாளாகப் பாதிப் பொதுச்சொத்து. 2006-ல் தொடங்கி அரசு இலவசக் கலர் டிவி கொடுத்த காலத்தில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரே சந்தில் நாலைந்து வீடுகளில் ஒரே கம்பெனி 14 இன்ச் பெட்டி இருக்கும். ஒரு வீட்டு ரிமோட் தண்ணீரில் விழுந்துவிட்டால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, ரிமோட்டக் கொஞ்சம் குடுங்க, மாத்திட்டு குடுத்துடறேன்" என்று வாங்கி வந்தால் போதும், கச்சிதமாக வேலை செய்யும். எதிர்வீட்டு ஜன்னலும் நம் ஜன்னலும் நேருக்கு நேர் இருந்துவிட்டாலோ, அந்த வீட்டுப் பையன் விளையாட்டாக அமுக்கியே நம் சீரியலைக் கலைத்துவிடலாம்.

இப்போது அதே வீடுகளில் டிவிக்குப் பின்னால், இன்டர்நெட்டிலிருந்து படமும் பாட்டும் கொண்டுவந்து டிவியில் காட்டுகிற ஒரு ஸ்டிக் தொங்குகிறது. அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் இந்தியக் கடைகளுக்கு வந்தது 2017-ல். அதன் பிறகு ஷாவ்மி, கூகுள் என்று ரிமோட்டோடு வரிசையாக வந்தன. இந்த ஸ்டிக்கின் ரிமோட் மக்கர் செய்யும்போது பழைய ஞாபகத்தில் பக்கத்து வீட்டு ரிமோட்டை வாங்கி வந்து அமுக்கினால் ஒன்றும் நடப்பதில்லை. அச்சு அசலாக அதே மாடல், அதே நிறம், பேட்டரியும் புதுசு. இருந்தாலும் ஸ்டிக் திரும்பிக்கூடப் பார்க்காது. காரணம், அந்த ரிமோட்டுக்கும் நம் ஸ்டிக்குக்கும் 'பேரிங்' ஆகவில்லை.

பேரிங் என்றால் என்ன, அது எதற்கு என்று புரிந்துவிட்டால், ரிமோட் தகராறில் முக்கால்வாசியை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளலாம். எந்தப் பட்டனை எத்தனை விநாடி அமுக்குவது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பழைய ரிமோட் பேசும் விதம்

சாதாரண டிவி ரிமோட்டும், கேபிள்காரர் கொடுத்த செட்டாப் பாக்ஸ் ரிமோட்டும் பேசுவது வெளிச்சத்தில். ரிமோட்டின் மூக்கில் சின்னதாக ஒரு எல்இடி பல்பு இருக்கும். நாம் பட்டனை அமுக்கும்போது அது அகச்சிவப்புக் கதிரில் மின்னுகிறது. அதன் அலைநீளம் பெரும்பாலும் 940 நானோமீட்டர். நம் கண்ணுக்குச் சுமார் 700 வரைதான் எட்டும் என்பதால் எதுவும் தெரிவதில்லை. சும்மா எரிந்தால் வெயில் எது, டியூப்லைட் எது, ரிமோட் எது என்று டிவிக்குத் தெரியாது. அதனால் விநாடிக்கு ஏறத்தாழ 38,000 தடவை துடிக்கிற மாதிரி அந்த வெளிச்சத்தை அனுப்புகிறார்கள். அந்தத் துடிப்பை விட்டு விட்டு அனுப்பினால் அது ஒரு எண்ணாக மாறும். இந்த எண் சவுண்டைக் கூட்டு, அந்த எண் சேனலை மாற்று, அவ்வளவுதான்.

இதை நேரில் பார்க்க ஆசையா? டிவி ரிமோட்டை எடுத்து மொபைலின் செல்ஃபி கேமராவுக்கு முன்னால் பிடியுங்கள். ஏதாவது ஒரு பட்டனை அமுக்கியபடி திரையைப் பாருங்கள். ரிமோட்டின் நுனியில் ஊதாவும் வெள்ளையுமாக ஒரு பொட்டு விட்டுவிட்டு மின்னும். வெறும் கண்ணால் ரிமோட்டைப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இருக்காது. சில மொபைல்களின் பின்பக்கக் கேமரா இந்தக் கதிரை வடிகட்டிவிடும்; அதனால்தான் செல்ஃபி கேமரா என்றேன். இந்தச் சோதனையை மறந்துவிடாதீர்கள், கீழே இரண்டு இடத்தில் உதவப்போகிறது.

வெளிச்சத்தில் பேசுவதன் குணம், தெருவில் மீன் விற்கிறவர் கூவுவது போல. இன்னாருக்கு என்று இல்லை, காதில் விழுகிற எல்லோருக்கும்தான். ரிமோட் அனுப்பும் எண்ணில் 'சோழன் தெரு நாலாம் நம்பர் வீட்டு டிவிக்கு' என்றெல்லாம் எதுவும் இருக்காது; அந்தக் கம்பெனியின் அந்த வகை டிவி எதுவானாலும் கேட்டுக்கொள்ளும். இரவல் ரிமோட் வேலை செய்ததன் ரகசியம் இதுதான். அப்படியிருந்தும் பெரிய குழப்பம் எதுவும் வராததற்குக் காரணம் டிவியின் புத்திசாலித்தனம் இல்லை, நம் வீட்டுச் சுவர். வெளிச்சம் சுவரைத் தாண்டாது. கெட்டியான திரைச்சீலையைக்கூடத் தாண்டாது.

சுவரைத் தாண்டுகிற ரிமோட்

ஸ்டிக்கின் கதை வேறு. அது டிவிக்குப் பின்னால், எச்டிஎம்ஐ ஓட்டையில், அதாவது வெளிப் பெட்டிகளிலிருந்து படமும் சவுண்டும் டிவிக்குள் வரும் ஓட்டையில், மறைவாகச் செருகியிருக்கிறது. நாம் பாயில் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அதற்கு வெளிச்சம் போய்ச்சேர வழியே இல்லை. அதனால் இந்த ரிமோட்டுகள் ப்ளூடூத்தில், அதாவது ரேடியோ அலையில் பேசுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று சொல்லப்படும் அலைவரிசை அது. நம் வைஃபையும் பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கிறது. இந்த அலைக்கு டிவியின் முதுகு ஒரு பொருட்டில்லை. ரிமோட்டைக் கூரைப் பக்கம் நீட்டி அமுக்கினாலும், போர்வைக்குள் வைத்து அமுக்கினாலும் வேலை செய்யும்.

சரி, அந்த அலை போர்வையோடு நிற்குமா? ஒற்றைச் செங்கல் சுவரையும் தாண்டிப் போகும். இப்போது நம் ஊர் வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு வாசல், ஒரு பம்பு, வரிசையாக ஆறு குடித்தனம் என்று இருக்கும் ஸ்டோர் வீடு. அல்லது ஹவுசிங் போர்டு பிளாக்கில் சுவரோடு சுவராக ஒட்டிய வீடுகள், மேலே ஒன்று, கீழே ஒன்று. பத்து மீட்டர் சுற்றளவில் நாலு ஸ்டிக்காவது இருக்கும். ரேடியோ ரிமோட்டும் பழைய ரிமோட் மாதிரியே பொதுவாகக் கூவினால் என்ன ஆகும்? வியாசர்பாடியில் ஃபுட்பால் மேட்ச் பெனால்டி வரைக்கும் வந்து நிற்கும் நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுப் பாட்டி பக்திப் பாட்டு தேட ஆரம்பித்தால் இங்கே கோல்கீப்பர் மறைந்துபோவார். தெருச்சண்டைக்கு வேறு காரணமே தேவையில்லை.

அதனால்தான் பேரிங். சுவர் செய்துகொண்டிருந்த வேலையை இப்போது ஒரு ரகசிய எண் செய்கிறது. ரிமோட்டும் ஸ்டிக்கும் முதல் தடவை ஒன்றையொன்று அறிமுகப்படுத்திக்கொண்டு, தங்களுக்குள் மட்டும் தெரிந்த ஓர் எண்ணை உருவாக்கி, இரண்டும் தத்தம் நினைவில் எழுதிவைத்துக்கொள்கின்றன. அதற்குப் பிறகு ரிமோட் அனுப்பும் ஒவ்வொரு கட்டளையும் அந்த எண்ணைக் கொண்டு பூட்டித்தான் வரும். வேறு ரிமோட் என்ன சொன்னாலும் ஸ்டிக்குக்கு அது வெறும் இரைச்சல். வீடு தனித்தனியாக இருக்கும் ஊரில் இது ஒரு வசதி என்று சொல்லலாம். நம் பக்கம் போல நெருக்கமாக வாழ்கிற இடத்தில் இது இல்லாவிட்டால் ஸ்டிக்கே வாங்க முடியாது என்பது என் கட்சி.

பட்டனை அமுக்கிப் பிடிக்கும்போது நடப்பது

ஃபயர் டிவி ஸ்டிக் என்றால் ஹோம் பட்டனை, அதாவது வீடு படம் போட்ட பட்டனை, 10 விநாடி விடாமல் அமுக்கிப் பிடிக்க வேண்டும். நிறையப் பேர் மூன்று நான்கு விநாடியிலேயே பொறுமை இழந்து விட்டுவிடுகிறார்கள். இவ்வளவு நேரம் வைத்திருப்பது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. குழந்தை கையில் ரிமோட் கிடைத்தால் எல்லாப் பட்டனையும் தட்டும். ஆனால் ஒரே பட்டனைப் பத்து விநாடி அசையாமல் பிடிக்காது. மெத்தை இடுக்கில் மாட்டிய ரிமோட் எதேச்சையாகப் பேரிங்குக்குப் போய்விடும் வாய்ப்பும் குறைவு.

அந்த நேரம் முடிந்ததும் ரிமோட்டின் தலையில் விளக்கு மின்ன ஆரம்பிக்கும். இப்போது அது 'நான் இன்ன வகை ரிமோட், சேரத் தயார்' என்று சுற்றுப்புறத்துக்கு அறிவித்துக்கொண்டிருக்கிறது. மறுபக்கம் ஸ்டிக்கும் அப்படி யாராவது அறிவிக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தால்தான் காரியம் ஆகும். ரிமோட் அறிவிக்கும்போது ஸ்டிக் அணைந்திருந்தாலோ, இன்னும் முழுதாக ஆன் ஆகாமல் லோகோவைக் காட்டிக்கொண்டிருந்தாலோ பிரயோஜனமில்லை. முதல் திரை வரும்வரை பொறுத்திருந்து அப்புறம் அமுக்குங்கள்.

கண்டுபிடித்ததும் ரகசிய எண் உருவாகிறது. ப்ளூடூத்தின் புதிய முறைகளில் அந்த எண் காற்றில் போவதே இல்லை என்பது கேட்க ஆச்சரியமாக இருக்கும். இரண்டு பக்கமும் கணக்கில் பாதியை மட்டும் வெளியே சொல்லி, மீதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒரே விடைக்கு வந்து சேர்கின்றன. நடுவில் ஒட்டுக்கேட்டவருக்கு அந்த விடை கிடைக்காது. மொபைலை ஸ்பீக்கரோடு சேர்க்கும்போது சில சமயம் ஆறு இலக்க எண் ஒன்றைக் காட்டி 'இதுதானா?' என்று கேட்கும், பார்த்திருப்பீர்கள். ரிமோட்டுக்குத் திரை இல்லாததால் அந்தச் சரிபார்ப்பு இங்கே நடக்காது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் நீண்ட அமுக்கலும், பக்கத்தில் வந்து செய்யச் சொல்வதும். ஆப்பிள் டிவியில் மூன்று அங்குல தூரத்தில் பிடிக்கச் சொல்கிறார்கள். சில சமயம் ரிமோட்டைப் பெட்டியின் மேலேயே வைக்கச் சொல்லும்.

அந்த எண் எழுதப்படுவது பேட்டரி இல்லாவிட்டாலும் அழியாத நினைவகத்தில். "பேட்டரி மாத்தினேன், பேரிங் போயிடுச்சு" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். சாதாரணமாக அப்படிப் போகாது. பேட்டரி மாற்றிய பிறகும் வேலை செய்யவில்லை என்றால் பேட்டரியைத் திருப்பிப் போட்டிருக்கலாம், ஸ்பிரிங் தொடாமல் இருக்கலாம். உண்மையில் பேரிங் போவது வேறு இடத்தில்: யாராவது ஸ்டிக்கை 'ஃபேக்டரி ரீசெட்' செய்திருப்பார்கள். ஸ்டிக் தன் நினைவைத் துடைத்துவிட்டது, ரிமோட்டோ பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அல்லது அந்த ரிமோட்டை வேறொரு ஸ்டிக்கோடு சேர்த்திருப்பார்கள்.

இரவல் விஷயத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒரு ஃபயர் டிவி ஸ்டிக் ஏழு ரிமோட் வரை ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒரு ரிமோட் ஒரு நேரத்தில் ஒரு ஸ்டிக்கோடுதான் இருக்கும். பக்கத்து வீட்டு ரிமோட்டை வாங்கி நம் ஸ்டிக்கில் சேர்க்க முடியாது என்றில்லை, தாராளமாக முடியும். சேர்த்த கையோடு அது அவர்கள் ஸ்டிக்கிலிருந்து கழன்றுவிடும். திருப்பிக் கொடுக்கும்போது அவர்கள் ஸ்டிக்குக்கு முன்னால் நின்று மறுபடி பத்து விநாடி அமுக்கிச் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருவதுதான் மரியாதை.

மற்ற கம்பெனிகளில் பட்டன் மாறும், தத்துவம் மாறாது. கூகுளின் குரோம்காஸ்ட் வித் கூகுள் டிவியில் பேக், ஹோம் இரண்டையும் சேர்த்து, ரிமோட்டின் விளக்கு துடிக்கும்வரை அமுக்க வேண்டும். ஷாவ்மியில் ஹோமும் மெனுவும். ஆப்பிளில் பேக் பட்டனும் சவுண்டு கூட்டும் பட்டனும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் ரோக்கு ஸ்டிக் கொண்டுவந்து கொடுத்திருந்தால் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள், உள்ளே இதற்கென்றே சின்னப் பட்டன் ஒன்று இருக்கும். ரோக்குவில் ஸ்டிக் வகை ரிமோட்டுகள் ப்ளூடூத்துக்குப் பதில் வைஃபையிலேயே நேரடியாகப் பேசும். இன்டர்நெட் கம்பெனிகள் இலவசமாகக் கொடுக்கும் பெட்டிகளில் எந்தப் பட்டன் என்பதை முதல் தடவை ஆன் செய்யும்போது திரையிலேயே படம் போட்டுக் காட்டும். அதை மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு ரிமோட், இரண்டு பாஷை

"இன்னா தம்பி, அம்பு பட்டன் ஒண்ணும் வேல செய்யல, ஆனா சவுண்டு மட்டும் ஏறுது எறங்குது. இது நல்லா கீதா, கெட்டுப்போச்சா?" என்று பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு அக்கா கேட்டார். ரொம்ப நல்ல கேள்வி. ஏனென்றால் ஸ்டிக் ரிமோட்டுக்குள் இருப்பது இரண்டு ரிமோட்.

செல்ஃபி கேமராவை மறுபடி எடுங்கள். சவுண்டு பட்டன் உள்ள ஃபயர் டிவி ரிமோட்டை முன்னால் பிடித்து அம்பு பட்டனை அமுக்குங்கள்: திரையில் எந்தப் பொட்டும் தெரியாது. இப்போது சவுண்டு பட்டனை அமுக்குங்கள்: பழைய ரிமோட் மாதிரியே ஊதாப் பொட்டு மின்னும். அம்பு, ஹோம், பேக், மைக் எல்லாம் ஸ்டிக்குக்கான கட்டளை, அவை ப்ளூடூத்தில் போகின்றன. சவுண்டும் பவரும் டிவிக்கான கட்டளை, அவை பழைய முறையில் வெளிச்சத்தில் போகின்றன. வெளிச்சத்துக்குப் பேரிங் வேண்டாம்.

இதிலிருந்து நோயைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். அக்கா சொன்ன மாதிரி சவுண்டு ஏறி அம்பு நகரவில்லை என்றால், பேட்டரியில் ஓரளவு உயிர் இருக்கிறது, போனது பேரிங். நேர்மாறாக, அம்பு நன்றாக நகர்ந்து சவுண்டு மட்டும் ஏறவில்லை என்றால் பேரிங்கை நோண்டாதீர்கள். டிவி எந்தக் கம்பெனி என்பதை ஸ்டிக்கின் செட்டிங்ஸில் மறுபடி சொல்லிக்கொடுத்தால் போதும். புது டிவி வாங்கிப் பழைய ஸ்டிக்கை அதில் மாட்டியவர்களுக்கு வருவது பெரும்பாலும் இதுதான். அல்லது டிவியின் கண்ணுக்கு முன்னால் சாமி படமோ பூச்சாடியோ மறைத்து நிற்கும், அதை நகர்த்துங்கள்.

மைக் பட்டன் தனிக் கேஸ். அம்பு நகர்கிறது, ஆனால் பேசினால் பதில் வரவில்லை என்றால் முதலில் இன்டர்நெட்டைப் பாருங்கள். நம் குரல் ரிமோட்டிலிருந்து ஸ்டிக்குக்கு வந்து, அங்கிருந்து எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த்தான் புரிந்துகொள்ளப்படுகிறது. மற்றபடி ரிமோட்டுக்கும் இன்டர்நெட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. நெட் போன நாளிலும் அம்பு நகர வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிலர் மொபைலில் ப்ளூடூத்தைத் திறந்து ரிமோட்டைத் தேடுகிறார்கள். அங்கே அது கிடைத்தாலும் உதவாது. ரிமோட்டைச் சேர்க்க வேண்டியது ஸ்டிக்கோடு, மொபைலோடு இல்லை.

சேர மறுத்தால்

முதலில் டிவி சரியான எச்டிஎம்ஐ ஓட்டையைக் காட்டுகிறதா என்று பாருங்கள். கேபிள் பாக்ஸ் ஒன்றில், ஸ்டிக் இரண்டில் என்று இருக்கும். டிவி ஒன்றைக் காட்டிக்கொண்டிருக்கும்போது ஸ்டிக் ரிமோட்டை எவ்வளவு அமுக்கினாலும் திரையில் அசைவே தெரியாது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், அடிக்கடி நடப்பது.

அடுத்து ஸ்டிக்குக்கு வரும் கரன்ட். வயர் தொங்குவது அசிங்கமாக இருக்கிறது என்று நிறைய வீடுகளில் ஸ்டிக்கின் கரன்ட் வயரை டிவியின் யுஎஸ்பி ஓட்டையிலேயே சொருகிவிடுகிறார்கள். பல டிவிகளில் அந்த ஓட்டை அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக்கோடு வந்த அடாப்டர் தருவது 5 வோல்ட்டில் ஒரு ஆம்பியர். கரன்ட் பற்றாத ஸ்டிக் தானாக ரீஸ்டார்ட் ஆகும், வைஃபையை விடும், ரிமோட்டையும் மறந்த மாதிரி நடந்துகொள்ளும். அடாப்டரில் மாட்டியதுமே பாதிப் பிரச்சினை போய்விடும்.

அப்புறம் பேட்டரி. ப்ளூடூத் அலை அனுப்பச் சக்தி வேண்டும். அதிலும் பேரிங் நேரத்தில் ரிமோட் தொடர்ந்து அறிவித்துக்கொண்டே இருக்கிறது. விளக்கு மின்னுகிறதே என்று நம்பக்கூடாது. சின்னப் பென்சில் செல் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே கம்பெனியாக, அல்கலைனாக வாங்கிப் போடுங்கள். சுவர்க்கடிகாரத்தில் இருந்து கழற்றிய ஒன்று, கடையில் வாங்கிய ஒன்று என்று கலந்தால் பழையது புதியதையும் சேர்த்து இழுத்துவிடும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் இன்னொரு தொல்லை உண்டு: உப்புக்காற்று. மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்கின் அடியில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொருக்குத் தட்டியிருக்கும். புது பேட்டரி போட்டும் 'செத்துப்போன' ரிமோட் பல இப்படித்தான். பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் அந்த உலோகத்தை நன்றாகத் தேய்த்து, தூசியை ஊதிவிட்டு, காய்ந்த துணியால் துடையுங்கள். உலோகம் பளபளவென்று தெரிய ஆரம்பித்தால் சரி. பேட்டரி கசிந்த தடம் இருந்தால் வெறும் கையால் தொட வேண்டாம்.

ஸ்டிக் பெட்டியில் ஒரு விரல் நீளத்துக்கு எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயர் ஒன்று வந்திருக்கும். 'இது எதுக்கு?' என்று அட்டைப்பெட்டியோடு பரணில் போட்டிருப்பீர்கள். அதை இறக்குங்கள். சுவரில் ஒட்டி மாட்டிய டிவிக்கும் சுவருக்கும் நடுவில், டிவியின் உலோகத் தகட்டோடு உரசிக்கொண்டு இருக்கும் ஸ்டிக்குக்கு அலை சரியாகக் கிடைக்காது. அந்த வயர் அதைக் கொஞ்சம் வெளியே தள்ளி மூச்சுவிட வைக்கும். பக்கத்திலேயே வைஃபை ரவுட்டர் இருந்தால் அதையும் இரண்டடி தள்ளி வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சேரவில்லை என்றால் ரிமோட்டின் பழைய நினைவை அழிக்க வேண்டும். மைக் பட்டன் உள்ள ஃபயர் டிவி ரிமோட்டுகளில் பெரும்பாலும் வேலை செய்யும் வழி இது. ஸ்டிக்கின் கரன்ட்டைப் பிடுங்கி ஒரு நிமிடம் விடுங்கள். ரிமோட்டில் இடது அம்பு, மெனு, பேக் மூன்றையும் சேர்த்து 12 விநாடி அமுக்கிவிட்டு, சற்றுப் பொறுத்து பேட்டரியைக் கழற்றுங்கள். ஸ்டிக்குக்குக் கரன்ட் கொடுத்து முதல் திரை வந்ததும் பேட்டரியைப் போட்டு ஹோம் பட்டனை 10 விநாடி பிடியுங்கள். மூன்று பட்டனை ஒரே கையால் அமுக்குவது விரலுக்குக் கஷ்டம். ரிமோட்டைத் தரையில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் செய்யலாம்.

ரிமோட்டே இல்லை என்றால்

தொலைந்துவிட்டது, நாய் கடித்துவிட்டது, ஊருக்குப் போன பெட்டியில் போய்விட்டது. உடனே புதுசு வாங்க ஓட வேண்டாம். டிவியின் சொந்த ரிமோட்டை எடுத்து அம்பு பட்டனை அமுக்கிப் பாருங்கள். பல டிவிகளில் ஸ்டிக்கின் திரை அதற்கு நகரும். எச்டிஎம்ஐ செருகியில் 13-ஆவது ஊசி இந்த வேலைக்கென்றே இருக்கிறது. டிவி தன் ரிமோட்டில் வாங்கிய கட்டளையை அதன் வழியாக ஸ்டிக்குக்குச் சொல்லும். இந்த வசதிக்குப் பொதுப்பெயர் சிஇசி. ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு செல்லப்பெயர் வைத்திருக்கிறது: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். டிவி செட்டிங்ஸில் அதை ஆன் செய்யுங்கள்.

இல்லையென்றால் மொபைல் ஆப். ஃபயர் டிவிக்கு அதன் பெயரிலேயே ஆப் இருக்கிறது. கூகுள், ஆண்ட்ராய்டு வகைகளுக்கு கூகுள் டிவி ஆப்பிலேயே ரிமோட் உண்டு. மொபைலும் ஸ்டிக்கும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் தடவை டிவியில் ஓர் எண் வரும், அதை மொபைலில் போட வேண்டும். இதுவும் ஒரு பேரிங்தான், ஆனால் வைஃபை வழியாக.

சிக்கல் எங்கே வரும் என்றால், வீடு மாறும்போது. புது வீட்டில் புது வைஃபை. ஸ்டிக் பழைய வைஃபையைத் தேடிக்கொண்டிருக்கிறது, ரிமோட் இல்லை. ரிமோட் இல்லாமல் வைஃபையை மாற்ற முடியாது, வைஃபை இல்லாமல் ஆப் வேலை செய்யாது. முழிக்க வேண்டாம். ஒரு மொபைலில் ஹாட்ஸ்பாட் ஆன் செய்து அதன் பெயரையும் பாஸ்வேர்டையும் பழைய வைஃபையில் இருந்தது போலவே எழுத்து மாறாமல் வையுங்கள், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட. ஸ்டிக் அதுதான் தன் பழைய வைஃபை என்று நம்பி ஒட்டிக்கொள்ளும். இன்னொரு மொபைலையும் அந்த ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து அதில் ஆப்பைத் திறந்தால் கையில் ரிமோட் வந்தாச்சு. அதைக் கொண்டு செட்டிங்ஸில் போய், ரிமோட் பிரிவில் 'புது ரிமோட்டைச் சேர்' என்பதைத் தொட்டு, வாங்கி வந்த ரிமோட்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தப் புது ரிமோட்டை பர்மா பஜாரிலோ ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ வாங்குவதானால், "எல்லா ஸ்டிக்குக்கும் வரும்ணே" என்று சொல்கிற கடைக்காரர் பேச்சை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். பார்க்க அப்படியே இருந்து, உள்ளே வெறும் அகச்சிவப்பு பல்பு மட்டும் வைத்த ரிமோட்டுகளும் கலந்து விற்கின்றன. ஃபயர் டிவி ஸ்டிக்கில் அந்த வெளிச்சத்தைப் பார்க்கும் கண்ணே கிடையாது. பேட்டரி போடச் சொல்லி, அம்பு பட்டனை அமுக்கி, செல்ஃபி கேமராவில் பாருங்கள். ஊதாப் பொட்டு மின்னினால் அது ஸ்டிக்குக்கு ஆகாது, வேறு காட்டச் சொல்லுங்கள். பொட்டு வரவில்லை என்பதால் மட்டும் நல்ல ரிமோட் என்றும் ஆகிவிடாது. முடிந்தால் ஸ்டிக்கையும் அடாப்டரையும் பையில் போட்டு எடுத்துப்போய், கடை டிவியிலேயே மாட்டிச் சேர்த்துக் காட்டச் சொல்லிவிட்டுக் காசு கொடுங்கள்.